ஒழுகாத கியர்பாக்ஸ்

என் தங்கை வீட்டுக்காரருக்கு 'நியூட்ரல்' என்று பெயர் வைத்தவன் நான்தான். ஐந்து வருஷமாக எங்கள் குடும்பத்தில் அவரை அப்படித்தான் சொல்கிறோம். முகத்துக்கு நேரே இல்லை. ஆனால் அவர் காதில் விழாமலும் இல்லை. என் பட்டறையில் வேலை செய்கிறவர்கள்கூட, "நியூட்ரல் சார் அந்தப் பக்கமா போறார்" என்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் பல்லை நானே உடைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மாப்பிள்ளையிடம் அவருடைய அப்பா காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. என்னைவிட வயதில் மூத்த வண்டி; அதில் கியர் மிதி வலது பக்கம். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. அந்த வண்டியில்தான் வீடு வீடாகப் போவார். பெட்ரோல் விஷயத்தில் ஆள் மகா கெட்டி. இறக்கம் வந்தால் போதும், கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, பெரிய தேரோட்டி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து உருட்டிக்கொண்டே வருவார். அதை வைத்து அவரை நாங்கள் ஓட்டாத நாள் கிடையாது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், என் தங்கையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து இறங்கினார். செங்குத்தான இறக்கம். பழைய வண்டியின் பிரேக்கை மட்டும் நம்பி அதில் இறங்க முடியாது, எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். பாதி இறக்கத்தில் வண்டி பிடி விட்டுப் பாய்ந்து, கீழே இருந்த மதிலில் மோதியது. அவருக்குச் சிராய்ப்பு. என் தங்கைக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. அவள் துணி வெட்டித் தைக்கிறவள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "செகண்ட்லதான் வந்தேன் மச்சான். கியர் தானா வெளிய வந்துடுச்சு."

அந்த கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்டிக் கொடுத்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. கட்டியவன் நான். எனக்கு எப்படி இருக்கும்? நர்ஸுகள், என் மனைவி, அவர் மகள், அவருடைய அலுவலகத்து ஆட்கள் எல்லாரும் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"நான் கட்டின கியர்பாக்ஸ் தானா வெளிய வராது. பல்லெல்லாம் நல்லா இருந்துச்சு. உங்க பழக்கம் ஊருக்கே தெரியும். இறக்கம் ஆரம்பிச்சதுமே வலது காலால ஒரு தட்டு தட்டியிருப்பீங்க. உங்களுக்கே தெரியாம தட்டியிருப்பீங்க."

தங்கைக்கு மயக்கம் தெளிந்த பிறகு அவளிடம் கேட்டேன். "எஞ்சின் சத்தம் திடீர்னு விட்டுப் போச்சு அண்ணா. அப்புறம் வண்டி ஓட ஆரம்பிச்சது," என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்கும் அதுவே போதுமாகிவிட்டது.

"ஒரு தடவை திறந்து பாருங்க மச்சான்," என்று மாப்பிள்ளை மூன்று முறை என் பட்டறைக்கு வந்து கேட்டார். மூன்றாவது முறை கை கூப்பிக்கொண்டு கேட்டார். "இதுல என்னத்த திறக்கறது?" என்று சொல்லி, வேறு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அவருடைய செருப்பு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு போய்விட்டது.

அதன் பிறகு அவர் எந்த வண்டியையும் தொடவில்லை. மீட்டர் பார்க்க நடந்தே போனார். வண்டி அவர் வீட்டுப் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

போன வாரம் அதை என் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தவள் அவர்கள் மகள். இருபத்திரண்டு வயது; ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சட்டையெல்லாம் வியர்வை.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது. டயர் மாத்தினேன், கார்ப்பரேட்டர் கழுவினேன், ஓடுது. ஒரு மாசமா அவங்க இல்லாத நேரமா பார்த்து ஓட்டறேன்." ஸ்டாண்டைப் போட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "மாமா, செகண்ட்ல போட்டு ஆக்சிலேட்டர விட்டா கியர் தானா வெளிய வந்துடுது. நான் காலே வைக்கல."

என் முகத்தில் ஈயாடவில்லை. "பழைய வண்டி இல்லையா பாப்பா. விட்டுட்டுப் போ, பார்க்கறேன்," என்றேன்.

"பார்த்துட்டு எனக்கு போன் பண்ணுங்க. அப்பாகிட்ட இல்ல, எனக்கு," என்றாள் அவள்.

அவள் தெரு முனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தேன். ஆள் இல்லாத சாலையில் செகண்டில் போட்டு முடுக்கி, ஆக்சிலேட்டரை விட்டேன். மிதியில் ஒரு சின்ன உதறல், எஞ்சின் சத்தம் அறுந்தது, வண்டி மட்டும் தன் போக்கில் ஓடியது. ஐந்து வருஷத்துக்கு முன்பு தங்கை சொன்னது அப்படியே இதுதான்.

கியர் நழுவுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அந்தப் பல காரணங்களில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டே வேலையை ஆரம்பித்தேன். முதலில் வெளியே இருக்கிற மிதியையும் அதன் இணைப்பையும் பார்த்தேன். ஆட்டமில்லை. அடுத்து, கியரை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங்கைக் கழற்றினேன். ஐந்து வருஷம் சும்மா கிடந்ததில் அது சோர்ந்திருந்தால் நான் தப்பித்தேன். புதியதோடு பக்கத்தில் வைத்து அளந்தேன். ஒரே நீளம். எண்ணெயை வடித்து வெளிமூடியைக் கழற்றினேன். அதன் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும்போது கை வேர்த்தது. முப்பது வருஷத்தில் திருகு தளர்த்த எனக்குக் கை வேர்த்ததே இல்லை.

உள்மூடியைக் கழற்றுவதற்கு முன், கியர்ச் சக்கரங்களைத் தாங்குகிற ஷாஃப்டின் முனையைப் பிடித்து உள்ளேயும் வெளியேயும் இழுத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழைதான் ஆட வேண்டும். இது 'டக், டக்' என்று சத்தம் கேட்கிற அளவுக்கு ஆடியது. இந்த மாடலில் உள்மூடிதான் ஷாஃப்டின் முனையைத் தாங்கிப் பிடிக்கிறது. மூடி எவ்வளவு தள்ளி உட்காருகிறதோ, அவ்வளவுக்கு ஷாஃப்டும் பக்கவாட்டில் நகரும். ஷாஃப்ட் நகர்ந்தால் கியர்ச் சக்கரங்களின் பக்கப் பற்கள் ஒன்றையொன்று முழுசாகக் கவ்வாது, நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். இறக்கத்தில் எஞ்சின் பின்னுக்கு இழுக்கும்போது விட்டுவிடும்.

மூடியைக் கழற்றினேன். விளிம்பில் பச்சை நிறத்தில் ஓர் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

எண்ணெய் கசியாமல் இருக்க மூடிக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட்டை எல்லாரும் கடையில் வாங்குவார்கள். நான் வாங்க மாட்டேன். பழைய அலுவலக பைலின் பச்சை அட்டையை விளிம்பின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டித் தட்டியே வெட்டி எடுப்பேன். எண்ணெயில் ஊறினாலும் அது பிய்யாது. என் கை பட்ட கியர்பாக்ஸ் ஒரு சொட்டு ஒழுகாது என்பதுதான் இந்த வட்டாரத்தில் என் பெருமை. அந்தப் பெருமையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினவன் நான். பச்சை அட்டை என்றால் அது என் கையெழுத்துதான்.

பிளேடை ஓரத்தில் விட்டு நெம்பினேன். ஓர் அட்டை வந்தது. அதற்கடியில் இன்னொன்று இருந்தது.

அதைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. நான் அந்த கியர்பாக்ஸைக் கட்டின சமயத்தில் தங்கை வீட்டு வாசலில் புதுத் தரை போட்டிருந்தார்கள். வண்டி அதில் எண்ணெய் சொட்டுகிறது என்று அவள் என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். பிரித்துப் பார்த்தால், எவனோ ஸ்குரூ டிரைவரால் நெம்பி விளிம்பைக் கீறி வைத்திருந்தான். விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்தினால் ஒரு நாள் வேலை. எனக்கு அவசரம், சோம்பல். ஒரு அட்டை வைத்து மூடினேன், கசிந்தது. திரும்பத் திறந்து, அதற்கு மேலேயே இன்னொன்றை ஒட்டி மூடினேன். கசிவு நின்றது. தங்கையைக் கூப்பிட்டு அவள் வாசல் தரையில் வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் வண்டியை நிறுத்திக் காட்டினேன். ஒழுகுகிறதா என்று பார்த்தேன். ஷாஃப்ட் ஆடுகிறதா என்று பார்க்கவில்லை.

ஒரு அட்டையின் கனம். அவ்வளவுதான் என் தப்பு. அதை அளவுகோலில் வைத்துக் காட்டினால் யாரும் சிரிப்பார்கள்.

வெகுநேரம் மரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். வேலையாட்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போகவில்லை. அப்போதுதான் தங்கை மகளின் போன் வந்தது.

"பார்த்தீங்களா மாமா?"

"பார்த்தேன் பாப்பா. பல்லெல்லாம் தேஞ்சு உருண்டு போயிருக்கு. வயசான சக்கரம். மாத்தினா சரியாயிடும்."

அது பொய் இல்லை. பற்கள் தேய்ந்துதான் இருந்தன. அரைகுறையாகக் கவ்விக் கவ்வி நழுவினால் எந்தப் பல்லும் தேயும்.

"அன்னைக்கும் அப்படித்தான் தேஞ்சிருந்துதா?" என்று கேட்டாள்.

ஒரே ஒரு 'ஆமா' சொல்லியிருந்தால் போதும், தேய்மானத்தின் மேல் பழியைப் போட்டு நானும் அவள் அப்பாவும் இரண்டு பேருமே தப்பித்திருப்போம். ஆனால் வண்டியைக் கட்டிக் கொடுத்தபோது பல் நன்றாகத்தான் இருந்தது என்று வராந்தாவில் நான் கத்தியதை அவளும் நின்று கேட்டவள். என் நாக்கு தன்னையே காப்பாற்றிக்கொண்டது.

"இல்லம்மா. இது இப்ப தேஞ்சது. அப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

"ஓ," என்றாள். "அப்ப அப்பா பொய்தான் சொல்லியிருக்கார். சரி மாமா." வைத்துவிட்டாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் தெரியாமல் செய்தேன். இப்போது தெரிந்தே அதையே இரண்டாம் முறை செய்துவிட்டேன். அந்த மனிதருக்காகப் பேச உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே ஆளையும் அவரிடமிருந்து பிடுங்கியாயிற்று. என்னைப் போல ஒரு அயோக்கியன் இருப்பானா என்று அன்று முழுக்க வாய்விட்டே கேட்டுக்கொண்டேன். இருப்பான் என்று யாராவது சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. அன்று சோம்பல் பட்டு விட்ட வேலையைச் செய்தேன். கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, மூடியின் விளிம்பை எட்டுப் போடுகிற மாதிரி சுழற்றித் தேய்த்தேன். கீறல் மறைய மூன்று மணி நேரம் ஆயிற்று. பரணில் கிடந்த உதிரி கியர்பாக்ஸிலிருந்து பல் கூராக இருந்த சக்கரத்தை எடுத்து மாட்டினேன். மெல்லிய காகிதம் ஒன்றே ஒன்று வைத்து மூடினேன். ஷாஃப்டை இழுத்துப் பார்த்தேன், மயிரிழை. இறக்கத்தில் செகண்டில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டேன். எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தியது. நான்கு முறை ஓட்டினேன். நான்கு முறையும் அசையவில்லை. நல்ல வேலை செய்துவிட்டு அவமானப்பட்டது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியை ஓட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். சத்தம் கேட்டு மகள் ஓடி வந்து, "ஏன் மாமா இங்க கொண்டு வந்தீங்க?" என்று பல்லைக் கடித்தாள். நான் பதில் சொல்லாமல் உள்ளே போனேன்.

கூடத்தில் தரையில் துணி விரித்திருந்தது. தங்கை அதில் இடது கையால் சாக்கட்டிக் கோடு போட்டிருந்தாள். மாப்பிள்ளை மண்டி போட்டு, பெரிய கத்தரிக்கோலால் அந்தக் கோட்டின் மேலேயே வெட்டிக்கொண்டிருந்தார். அவள் மணிக்கட்டு கத்தரியைத் தாங்காது என்று ஆனதிலிருந்து அவளுக்கு வெட்டிக் கொடுப்பவர் அவர்தான். எனக்குத் தெரியும். 'நியூட்ரல் இப்ப டெய்லர் ஆயிட்டார்' என்று அதற்கும் ஒரு ஜோக் அடித்திருக்கிறேன்.

"வாங்க மச்சான்," என்று கத்தரியை வைத்தார். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பூசி மெழுகிவிடுவேன் என்று எனக்கே பயம்.

"மாப்பிள்ளை, அன்னைக்கு கியர் தானாத்தான் வெளிய வந்துச்சு. தப்பு என்னோடது. ரெண்டு அட்டை வெச்சு மூடினேன். அதனால ஷாஃப்ட் நகர்ந்துச்சு. நீங்க எதுவும் பண்ணல." மகள் பக்கம் திரும்பினேன். "போன்ல உங்கிட்ட பொய் சொன்னேன் பாப்பா."

நான் அடிக்குத் தயாராக இருந்தேன். வசவுக்கும் தயாராக இருந்தேன். அடுத்து வந்ததற்கு நான் தயாராக இல்லை.

மாப்பிள்ளை சிரித்தார். வருத்தமான, அன்பான சிரிப்பு. "விடுங்க மச்சான். பொண்ணு ஏதோ கேட்டிருக்கா, அதுக்காக நீங்க உங்க மேல இழுத்துப் போட்டுக்காதீங்க. நான்தான் தள்ளினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"என்ன ஞாபகம் இருக்கு?"

"இறக்கம் ஆரம்பிச்சதுமே வலது காலால ஒரு தட்டு தட்டினேன். எனக்கே தெரியாம தட்டினேன்."

அது அவருடைய ஞாபகம் இல்லை. வராந்தாவில் நான் சொன்ன வார்த்தை, ஒரு எழுத்து மாறாமல்.

"உங்களுக்கே தெரியாம தட்டினீங்கன்னா அது எப்படிப்பா ஞாபகம் இருக்கும்?" என்று மகள் கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

தங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள். "முதல் ரெண்டு வருஷம் 'நான் தள்ளல, நான் தள்ளல'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார் அண்ணா. அப்புறம் ஒரு நாள், 'நான்தான் தள்ளினேன், என்னை மன்னிச்சிடு'ன்னார். அன்னைக்குத்தான் எனக்கு மனசு ஆறிச்சு. நான் மன்னிச்சேன்." அவள் குரல் உயரவே இல்லை. "அந்த மன்னிப்ப இப்ப நான் எங்க கொண்டு போய் வெக்கறது, சொல்லு."

பேச்சில் நான் கெட்டிக்காரன். பேசித்தான் அந்த மனிதரை இப்படி ஆக்கினேன். இனிமேல் பேசி ஆகப்போவது எதுவும் இல்லை.

"பழைய பைல் அட்டை இருக்கா பாப்பா?" என்று கேட்டேன்.

வாசலில் சாக்கை விரித்து எண்ணெயை வடித்தேன். மூடியைக் கழற்றினேன். மகள் கொண்டு வந்த அட்டையை விளிம்பில் வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி இரண்டு வெட்டினேன். மாப்பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, மெல்லிய காகிதத்தோடு மூடி ஷாஃப்டை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பிறகு அதை எடுத்துவிட்டு, இரண்டு அட்டையையும் வைத்து மூடி, மறுபடி இழுக்கச் சொன்னேன். 'டக், டக்.' அவர் கை இழுத்துத் தள்ளி, இழுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. பிறகு வெளிமூடியையும் மாட்டி எண்ணெயை ஊற்றினேன்.

"சக்கரம் நல்ல சக்கரம். நேத்து நாலு தடவை ஓட்டினேன், அசையல. இந்த அட்டை மட்டும்தான் தப்பு. இப்ப நீங்க ஓட்டிப் பாருங்க," என்றேன். நன்றாகச் செய்து முடித்த வேலையை என் கையாலேயே கெடுத்து வைத்தது அதுதான் முதல் முறை.

"நான் ஓட்டறதில்ல மச்சான்."

"மெதுவா போனா போதும். நான் கூடவே ஓடி வரேன்."

அவர்கள் தெரு லேசான சரிவு; கீழே மணல் குவித்த காலி மனையில் போய் முடிகிறது. தங்கை வாசற்படியில் வந்து நின்றாள். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். உதைத்தார், எஞ்சின் பிடித்தது. ஃபர்ஸ்ட், செகண்ட். நான் பக்கத்தில் ஓடினேன்.

"விடுங்க ஆக்சிலேட்டர," என்றேன். விட்டார்.

மிதி உதறியது. சத்தம் அறுந்தது. வண்டி சும்மா உருண்டு போய் மணலில் நின்றது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"நான் கால் வெச்சேனா?" என்று கேட்டார்.

"இல்ல மாப்பிள்ளை."

நம்பவில்லை. தள்ளிக்கொண்டு மேலே போய் மறுபடி வந்தார். மறுபடி நழுவியது. மூன்றாவது முறை வலது காலை மிதியிலிருந்து நன்றாக விலக்கி, காற்றில் நீட்டி வைத்துக்கொண்டு வந்தார். அப்போதும் நழுவியது. ஐம்பது வயது மனிதர், ஒரு காலை நீட்டிக்கொண்டு அந்தத் தெருவில் இறங்கி வருவதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது.

நான்காவது முறை மேலே போனவர் வாசலுக்கு நேரே வண்டியை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார்.

"என் கால பாரு," என்றார். "வேற எதையும் பாக்காத. கால மட்டும் பாரு."

அவள் படியிறங்கி, தெருவுக்கே வந்துவிட்டாள். அவர் செகண்டில் போட்டார், காலை விலக்கினார், ஆக்சிலேட்டரை விட்டார். அவள் குனிந்து, அந்தக் காலையே பார்த்துக்கொண்டு கூடவே நடந்தாள். சத்தம் அறுந்தது. வண்டி உருண்டு நின்றது.

"பார்த்தேன்," என்றாள். இடது கையை அவர் முழங்கால் மேல் வைத்தாள். "நீங்க அசைக்கல."

அவர் ஹாண்டிலின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவள் வைத்த கையை எடுக்கவில்லை. மகள் ஓடிப் போய் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். ஸ்பேனரும் கையுமாக நான் தெருவில் நின்றேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை.